சுண்டெலியின் மூக்கும் ஆய்வாளரின் சாக்கும்

சுண்டெலியை வைத்து மூளையை ஆராய விரும்பும் ஒருவர், முதலில் ஆண் எலிகளை வாங்குவதா, பெண் எலிகளை வாங்குவதா என்று தீர்மானிக்க வேண்டும். கூண்டும் தீனியும் வாங்குவதைப் போல இதுவும் ஒரு சில்லறை விஷயம் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் மூளை ஆய்வுக்கூடங்கள் இக்கேள்விக்கு ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தந்துவந்தன: ஆண். ஏன் என்று கேட்டால் காரணமும் ஆயத்தமாக இருந்தது. பெண் எலியின் உடலில் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை ஹார்மோன்கள் ஏறி இறங்குகின்றன. ஆகவே அளவீடுகளில் இரைச்சல் மிகுந்துவிடும். ஆண் எலியோ என்றும் ஒரே நிலையில் இருப்பது. இதுதான் அந்தக் காரணம்.

கேட்டவுடன் நியாயமாகப்படும் காரணம்தான். ஆனால் அறிவியலில் நியாயமாகப்படுவது வேறு, அளந்து பார்த்தது வேறு. இந்தக் காரணத்தை வெகுகாலம் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அளந்தபோது என்ன தெரிந்தது என்பதையும், இரைச்சல் என்று ஒதுக்கியதற்குள் எத்தகைய வியப்பான பொறியமைப்பு மறைந்திருந்தது என்பதையும், இன்று அதைப் பற்றி எழுதுவோர் சிலர் எங்கே எல்லை தாண்டுகிறார்கள் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். எலிகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். ‘இரைச்சல்’ என்ற சொல் எங்கள் துறையிலிருந்து போனது, அந்த உரிமைதான். வானொலியில் பாட்டுக்கு நடுவே கரகரவென்று கேட்கிறதே, அதை இரைச்சல் என்கிறோம். அதில் ஒழுங்கு இல்லை. அடுத்த நொடி எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வரும் ஒரு மாற்றத்தை எந்த இயற்பியல் மாணவனும் இரைச்சல் என்று சொல்லமாட்டான். அதற்கு அலைவு என்று பெயர். அலைவு என்றால் அதற்கு ஒரு காலம் உண்டு, ஒரு வீச்சு உண்டு, பின்னணியில் ஒரு காரணம் உண்டு.

வானியலில் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. சில விண்மீன்கள் பிரகாசம் கூடியும் குறைந்தும் மாறிக்கொண்டே இருக்கும். ‘இவை நிலையாக இல்லை, அளவீட்டுக்கு ஆகாது’ என்று வானியலார் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஹென்றியட்டா லீவிட் என்ற பெண்மணி, சிறிய மெகல்லன் மேகத்தில் இருந்த 25 மாறும் விண்மீன்களை எடுத்துக்கொண்டு, மாற்றத்தின் காலம் நீள நீள விண்மீனின் பிரகாசமும் மிகுகிறது என்று 1912இல் காட்டினார். அண்டத்தின் தூரங்களை அளக்கும் அளவுகோல் அந்த மாற்றத்திலிருந்துதான் கிடைத்தது. நம் கல்லூரிச் சோதனைக்கூடங்களிலோ, வரைபடத்தில் நேர்கோட்டில் விழாத புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு ரெக்கார்டு நோட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவரும் மாணவர்கள் இன்றும் உண்டு. எலி ஆய்வாளர்கள் செய்தது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து.

சரி, அந்தச் சுழற்சிதான் என்ன? பசு ‘பருவத்துக்கு வந்திருக்கிறது’ என்று கிராமத்தில் சொல்வார்கள். கால்நடை மருத்துவர்கள் அதைச் சினைப்பருவம் என்பார்கள். பசுவுக்கு அது சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. சுண்டெலிக்கு நான்கு அல்லது ஐந்து நாட்களுக்கு ஒருமுறை. இதை நான்கு கட்டங்களாகப் பிரிப்பர். முதற்கட்டத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. இரண்டாவது கட்டம் சினைப்பருவம். ஆணை ஏற்றுக்கொள்வது அப்போதுதான். பிறகு ஒரு குறுகிய இடைக்கட்டம். கடைசியாக ஓய்வுக் கட்டம். அப்போது புரோஜெஸ்டரோன் ஓங்கியிருக்கும், ஆணைக் கண்டால் பெண் எலி பொருட்படுத்தாது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பிறப்புறுப்பிலிருந்து ஒரு துளி நீர்மத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும், செல்களின் வடிவம் சொல்லிவிடும். சுண்டெலியில் இம்முறையை எட்கர் ஆலன் என்பவர் 1922இலேயே விரிவாக எழுதிவைத்துவிட்டார். ஆக, கட்டத்தை அறிய வழியில்லை என்று சொல்வதற்கில்லை. வழி நூறாண்டுக்கு முன்பே இருந்தது.

இனி மூக்குக்கு வருவோம். இருட்டில் நடமாடும் பிராணிக்குக் கண்ணைவிட மூக்கே பெரிய துணை. ஒரு சுண்டெலி மற்றொரு சுண்டெலியைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் சிறுநீர்த் துளிகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆணா பெண்ணா, தெரிந்தவரா அந்நியரா, பருவத்தில் இருக்கிறாரா, நோயாளியா என்ற விவரங்களெல்லாம் அதில் அடக்கம். இதைப் படிக்கச் சுண்டெலிக்கு இரண்டு மூக்குகள் இருப்பதாகவே சொல்லலாம். ஒன்று நம்முடையதைப் போன்ற வழக்கமான மூக்கு. காற்றில் மிதந்து வரும் ஆவிப் பொருள்களை அது அறிகிறது. மற்றது, மூக்கின் நடுச்சுவரின் அடியில் இரு பக்கமும் குழல் போல் அமைந்த ஜேக்கப்சன் உறுப்பு. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது ஏன் என்ற பாடத்தில் இப்பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் விவரித்த உறுப்பு இது.

இந்த இரண்டாவது மூக்கு வேலை செய்யும் விதம் இயற்பியல் மாணவனுக்குப் பிடிக்கும். குழலின் ஓரமாக ஒரு பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. அது சுருங்கும்போது குழலுக்குள் இடம் உண்டாகி, மூக்கில் ஒட்டிய ஈரம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. விரியும்போது வெளியே தள்ளப்படுகிறது. மை நிரப்பும் பேனாவின் ரப்பர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பம்பு ஏன் தேவைப்பட்டது? இங்கே படிக்கப்படும் பொருள்கள் பல ஆவியாகாதவை. ஆண் சுண்டெலி தன் சிறுநீரில் ஏராளமாகப் புரதங்களை வெளியேற்றுகிறது. அவற்றின் மூலக்கூற்று எடை 18,000 முதல் 20,000 வரை. மல்லிகை மணம் போலக் காற்றில் பறந்துவர அவற்றால் ஆகாது. மூக்கால் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். அவற்றுள் பெண்ணை ஈர்க்கும் புரதம் ஒன்றை 2010இல் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் ஆய்வாளர்கள் இனங்கண்டு, ஜேன் ஆஸ்டின் நாவலின் கதாநாயகன் டார்சியின் நினைவாக ‘டார்சின்’ என்று பெயர் வைத்தார்கள். ஆய்வாளர்களுக்கும் சற்று விளையாட்டு வேண்டும் அல்லவா!

ஜேக்கப்சன் உறுப்பின் நரம்புகள் நேரே துணை முகர்குமிழ் என்ற சிறு பகுதிக்குப் போகின்றன. அங்கிருந்து அமிக்டலா, அதன்பின் ஹைப்போதலாமஸ். இனப்பெருக்கம், சண்டை, அச்சம் ஆகியவற்றை ஆளும் இடங்கள் இவை.

மணத்துக்கும் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு என்பது 1950களிலேயே தெரிந்த செய்தி. பெண் சுண்டெலிகளை மட்டும் கூட்டமாக ஒரே கூண்டில் அடைத்தால் அவற்றின் சுழற்சி குலைகிறது என்று 1955இல் நெதர்லாந்தின் வான்டர் லீ, பூட் ஆகிய இருவர் கண்டார்கள். அப்படிக் குலைந்து நிற்கும் கூட்டத்துக்கு ஆணின் மணத்தைக் காட்டினால், மூன்றாம் இரவில் பல எலிகள் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வருகின்றன என்று 1956இல் ஆஸ்திரேலியாவின் விட்டன் எழுதினார். 1959இல் இலண்டனில் ஹில்டா புரூஸ் கண்டது இன்னும் விசித்திரம். புதிதாகக் கருவுற்ற பெண்ணின் அருகே அந்நிய ஆணின் மணம் இருந்தால் கருவே தங்காமல் போய், அது மீண்டும் பருவத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த மூன்று கண்டுபிடிப்புகளையும் விலங்கியல் பாடநூல்கள் ஆசையோடு சொல்கின்றன. ஆனால் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு செய்தியை எடுத்துச் சொல்லும் நூலை நான் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்துக் கூண்டில் பெண் எலிகளைக் கூட்டமாக அடைப்பது யார்? அதே அறையில் ஆண் எலிகளின் கூண்டுகளை வைப்பதும் எடுப்பதும் யார்? ஆய்வாளர்தான். பெண் எலியின் சுழற்சி ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்ற புகாரில் ஒரு பங்கு, அந்த அறையில் அவரே உண்டாக்கிய மணங்களின் விளைவு. வெப்பமானியை அடுப்பங்கரையில் மாட்டிவிட்டு, ஊரின் வெப்பநிலை ஏறி இறங்குகிறது என்று குறை சொல்வதைப் போன்றது இது.

மணம் சுழற்சியை மாற்றுகிறது என்று அறிந்தவர்கள், அதைத் திருப்பிப் போட்டும் கேட்டிருக்க வேண்டும்: சுழற்சி, மணத்தை அறியும் விதத்தை மாற்றுகிறதா? சினைப்பருவத்தில் பெண் எலி ஆணின் சிறுநீர் மணத்தை நாடிப் போகிறது. ஓய்வுக் கட்டத்தில் அதே மணத்தை அசட்டை செய்கிறது. இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம், மூக்கு எப்போதும் ஒரே செய்தியைத்தான் அனுப்புகிறது, மூளையின் உள்ளே இருக்கும் மையங்கள்தாம் ஹார்மோனுக்கு ஏற்ப மனம் மாறுகின்றன என்பதாகும். இந்த விளக்கத்தை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமானால் பெண் எலிகள் வேண்டும். அவைதாம் கூண்டுக்கு வெளியே நின்றனவே!

கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் லீசா ஸ்டோவர்ஸின் குழுவினர் இதைச் செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஜேக்கப்சன் உறுப்பின் நரம்புச் செல்கள் தூண்டப்படும்போது ஒளிருமாறு செய்து, ஆணின் சிறுநீர்ப் புரதங்களை அவற்றின் மீது செலுத்திப் பார்த்தனர். சினைப்பருவத்து எலியின் செல்கள் ஒளிர்ந்தன. ஓய்வுக் கட்டத்து எலியின் செல்கள், அதே புரதங்களுக்கு, வாய் திறக்கவில்லை. செய்தி மூளையைச் சென்றடையுமுன் மூக்கிலேயே அடைபட்டுவிட்டது. அடைத்தது புரோஜெஸ்டரோன்.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஹார்மோன் மிகுந்ததால் செல்களெல்லாம் பொதுவாகச் சோர்ந்துவிட்டனவோ? அப்படியிருந்தால் இது பெரிய செய்தியல்ல. நல்ல ஆய்வாளர்கள் இச்சந்தேகத்தை நமக்கு முன்பே கேட்டுக்கொள்வார்கள். அவர்களும் கேட்டார்கள். பூனையின் மணப்பொருளைச் செலுத்தினார்கள். அதை உணரும் செல்கள் எல்லாக் கட்டங்களிலும் ஒரே மாதிரி விழித்திருந்தன! ஆண் வேண்டாத நாளில் ஆணின் செய்தியைக் கேட்காமல் இருக்கலாம். பூனையின் செய்தியைக் கேட்காத எலிக்கு மறுநாள் என்பது இல்லை. எந்தக் கதவை மூடுவது, எந்தக் கதவைத் திறந்தே வைப்பது என்று பிரித்தறியும் இந்த அமைப்பைத்தான் இரைச்சல் என்று நாம் தள்ளிவைத்திருந்தோம்.

இது மணத்தைப் பெறும் பக்கம். அனுப்பும் பக்கமும் உண்டு. பெண் எலியின் சிறுநீரே கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. நம் திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அர்ச்சுனன் குழுவினர் 2000களில் இதை ஆராய்ந்து, அயோடின் சேர்ந்த ஒரு கரிமப் பொருள் சினைப்பருவத்துச் சிறுநீரில் தோன்றுகிறது என்று அறிவித்தார்கள்.

2015ஆம் ஆண்டின் ஆய்வை நான் பாராட்டுகிறேன். ஆனால் அதை விவரிக்கக் கையாண்ட சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். பெண் எலி ஆணின் மணத்துக்குத் தற்காலிகமாகக் ‘குருடாகிறது’ என்று எழுதினார்கள். பத்திரிகைகள் இச்சொல்லைப் பிடித்துக்கொண்டன. கட்டுரையை நிதானமாகப் படித்தால், அடைபடுபவை ஆணின் மணப்பொருள்களில் ஒரு பகுதியை உணரும் செல்கள் மட்டுமே என்று தெரியும். வழக்கமான மூக்கு திறந்தே இருக்கிறது. ஓய்வுக் கட்டத்தில் உள்ள பெண்ணுக்கு அருகே ஆண் இருப்பது தெரியாமல் போவதில்லை. குருடு என்பதைவிடச் சல்லடை என்பது பொருந்தும்.

மேலும், மூக்கில் ஒரு கதவு இருக்கிறது என்று நிறுவியதால் மூளைக்குள் கதவு இல்லை என்று ஆகிவிடாது. பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒலியைக் குறைக்க ஒரே வழிதான் என்பதில்லை. ஏரியலில் குறைக்கலாம், அலைதேர்வுப் பகுதியில் குறைக்கலாம், பெருக்கியில் குறைக்கலாம், ஒலிபெருக்கியின் வாயிலும் துணியை அடைக்கலாம். நல்ல பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கட்டுப்பாடு இருக்கும். சுண்டெலியும் அப்படித்தான். 2017இல் வட கரோலினாவில் ஒரு குழு, ஹைப்போதலாமஸை அடுத்த முன்பார்வைப் பகுதியில் உள்ள சில செல்கள் ஆணின் மணத்துக்குத் தரும் பதிலை ஈஸ்ட்ரோஜன் பெருக்கிக் காட்டுகிறது என்று கண்டது. 2019இல் ஸ்டான்ஃபோர்டில் நிராவ் ஷா குழுவினர் கண்டது இன்னும் ஒருபடி மேல். ஹைப்போதலாமஸின் ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்குப் போகும் நரம்பு இழைகளின் முனைகள், சினைப்பருவத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகி, பின் குறைந்துவிடுகின்றன. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை கம்பிகளை முறுக்கி இணைத்து, மீண்டும் பிரித்தெடுக்கும் மின்பணியாளரை நினைத்துப் பாருங்கள்! மூக்கா, மூளையா என்று பட்டிமன்றம் நடத்துவது இங்கே வீண் வேலை. இரண்டு இடங்களிலும் கதவுகள் உள்ளன.

துணிந்து முடிவு சொல்லிச் சறுக்கிய கதை ஒன்றும் இத்துறையில் உண்டு. ஜேக்கப்சன் உறுப்பு வேலை செய்ய இன்றியமையாத டி.ஆர்.பி.சி.2 என்ற மரபணுவை நீக்கிய பெண் எலிகள், ஆணைப் போலப் பிற எலிகள் மீது ஏறி நடந்துகொண்டன என்று 2007இல் ஹார்வர்டில் கேத்தரின் டூலாக் குழுவினர் காட்டினர். பெண்ணின் மூளையில் ஆணின் நடத்தைக்கான சுற்றுகள் முழுமையாக இருக்கின்றன, இந்த மூக்குத்தான் அவற்றை அடக்கிவைக்கிறது என்பது அவர்கள் கொண்ட பொருள். கவர்ச்சியான முடிவு. 2009இல் பாஸ்டனில் மார்ட்டெல், பாம் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். நன்கு வளர்ந்த பெண் எலிகளின் ஜேக்கப்சன் உறுப்பை அறுவை செய்து நீக்கினார்கள். ஆண் போன்ற நடத்தை அதிகரிக்கவில்லை.  முதல் செய்தி உலகமெங்கும் பரவியது. இரண்டாவது செய்தியை இத்துறைக்கு வெளியே அறிந்தவர்கள் சிலரே.

இப்போது முதலில் சொன்ன சாக்குக்குத் திரும்புவோம். பெர்க்லியில் பீரி, சக்கர் என்ற இருவர் 2009ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரைகளைத் துறைவாரியாக எண்ணிப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். நரம்பியலில், ஒரு பாலினத்தை மட்டும் பயன்படுத்திய விலங்கு ஆய்வுகளில், பெண்ணை மட்டும் கொண்ட ஓர் ஆய்வுக்கு ஆணை மட்டும் கொண்டவை 5.5 என்ற விகிதம் இருந்தது. காரணம் பெண்ணின் அளவீடுகள் அதிகம் சிதறும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையையும் 2014இல் பிரெண்டர்காஸ்ட் என்பவர், சக்கரும் மற்றொருவரும் உடனிருக்க, எடைபோட்டார். 293 கட்டுரைகளிலிருந்து இரு பாலினத்தின் அளவீடுகளையும் எடுத்துச் சிதறலைக் கணக்கிட்டார்கள். சுழற்சியின் கட்டத்தைப் பாராமலே எடுத்த பெண் சுண்டெலிகளின் அளவீடுகள்கூட ஆணைவிட அதிகமாகச் சிதறவில்லை! வேறொன்று சிதறலை அதிகமாக்கியது. எலிகளைக் கூட்டமாக ஒரே கூண்டில் வளர்த்தால், ஆணானாலும் பெண்ணானாலும், சிதறல் 37 விழுக்காடு கூடியது. கூண்டின் ஏற்பாட்டை யாரும் இரைச்சல் என்று சொல்லி ஆய்வை நிறுத்தியதில்லை.

சிந்திக்கும் வாசகர் இங்கே என்னை மடக்கலாம். ‘சுழற்சி மூக்கையே மாற்றுகிறது, நரம்பு முனைகளை மூன்று மடங்காக்குகிறது என்று ஒரு பக்கம் சொன்னீர், சுழற்சியால் சிதறல் கூடவில்லை என்று மறுபக்கம் சொல்கிறீர், இரண்டில் எது உண்மை?’ இரண்டும் உண்மை. ஹார்மோன் ஏறி இறங்குகிறது, ஆகவே எலியிடம் எல்லாமே ஏறி இறங்கும் என்று நினைத்ததில்தான் பிழை. சுழற்சி குறிப்பிட்ட சில வழிகளில், குறிப்பிட்ட சில செய்திகளை மட்டும் தொடுகிறது. பூனையின் மணத்துக்கு விழித்திருந்த செல்களை மறந்துவிடாதீர்கள். 2023இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வில், பெண் சுண்டெலிகளைத் திறந்த வெளியில் தம் விருப்பம்போல் உலவவிட்டு, அவற்றின் அசைவுகளைக் கணினியால் நுணுக்கமாகப் பகுத்துப் பார்த்தனர். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைவிட எந்த எலி என்பதே நடத்தையை அதிகம் நிர்ணயித்தது. ஒவ்வோர் எலிக்கும் தனிக் குணம் இருந்தது. சிதறல் ஆண் எலிகளில்தான் மிகுதி.

பெண் எலிகளைச் சேர்த்தால் எலிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும், செலவு கூடும் என்ற முறையீடு ஒன்று உண்டு. இதை நான் முழுவதும் தள்ளமாட்டேன். நாள்தோறும் கட்டத்தைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஏழை நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அது சுமைதான். ஆனால் ஒவ்வோர் ஆய்விலும் கட்டத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதைத்தானே 2014, 2023 ஆகிய ஆண்டுகளின் கணக்குகள் காட்டுகின்றன? ஆண்கள் பத்து, பெண்கள் பத்து என்று எடுத்துக்கொண்டு, வேறுபாடு தென்பட்டால் அங்கே ஆழமாகத் தோண்டலாம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தம்மிடம் நிதி கேட்போர் விலங்கின் பாலினத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2016 முதல் விதித்தன. மாற்றம் அதன் பிறகே விரைவு பெற்றது. வாதத்தால் நகராதவர்களைப் பணம் நகர்த்தியது எனலாம்.

உண்மையான இரைச்சல் எங்கிருந்து வரக்கூடும் என்பதற்குக் கனடாவிலிருந்து ஒரு வேடிக்கையான சான்று. மக்கில் பல்கலைக்கழகத்தில் வலியை ஆராய்ந்தவர்கள் 2014இல் எழுதியது இது: ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தால் எலிகள் மிரண்டு, வலியைக் குறைவாகக் காட்டின. ஆள் வேண்டாம், அவர் இரவில் அணிந்த பனியனை அருகே வைத்தாலும் போதும். பெண் ஆய்வாளரின் சட்டைக்கு இந்த விளைவு இல்லை. எலியின் ஹார்மோன்கள் அளவீட்டைக் கெடுக்கும் என்று அஞ்சியவர்கள், தங்கள் வியர்வை மணத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எலிப் பேச்சு நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். மருந்துகள் முதலில் விலங்குகளில்தான் சோதிக்கப்படுகின்றன. மனிதரிலும், கருவுறும் வயதுப் பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1977இல் அறிவுறுத்தியது. 1993இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. 1997 முதல் 2000 வரை அங்கே சந்தையிலிருந்து விலக்கப்பட்ட 10 மருந்துகளில் 8, பெண்களுக்கு அதிகத் தீங்கு விளைவித்தவை. அவற்றுள் நான்கு, பெண்களுக்கே அதிகம் எழுதித்தரப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து 1992இல் அங்கே ஒப்புதல் பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே நீங்குகிறது என்பதால் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்ன ஆண்டு 2013. இடையில் ஏறக்குறைய 20 ஆண்டுகள், அளவுக்கு மிஞ்சிய மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் காலை கார் ஓட்டிச் சென்ற பெண்கள் எத்தனை பேரோ!

ஆனால் எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவதிலும் ஓர் எல்லை வேண்டும். பெண் எலியின் மூக்கு மாறுகிறது என்ற செய்தி வந்தவுடன், ‘பெண்களின் மனமும் நாளுக்கு நாள் மாறும்’ என்று எழுதக் கிளம்புகிறவர்கள் உண்டு. வேலை கொடுக்கத் தயங்குபவருக்கு இது நல்ல சாக்காகிவிடும். உடற்கூற்றை முதலில் பாருங்கள். மனிதக் கருவில் ஜேக்கப்சன் உறுப்பு தோன்றிப் பின் சிதைந்துவிடுகிறது. முன்பு சொன்ன டி.ஆர்.பி.சி.2 மரபணு நம்மிடம் பழுதுற்றுக் கிடக்கிறது. வளர்ந்த மனிதருக்குத் துணை முகர்குமிழ் இல்லை. எலியில் கதவு இருந்த இடத்தில் நமக்குச் சுவர்தான் இருக்கிறது.

விடுதியில் சேர்ந்து வாழும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒரே சமயத்தில் வரத் தொடங்கும் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரி விடுதியின் 135 மாணவியரைக் கொண்டு மார்த்தா மெக்ளிண்டாக் 1971இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. விட்டன் எலியில் கண்டதை மனிதரில் காணும் ஆசை அதற்கு வலுவூட்டியது. 2006இல் சீனாவில் விடுதிகளில் வாழ்ந்த 186 பெண்களின் நாட்களைக் குறித்து ஆராய்ந்தபோது அத்தகைய ஒத்திசைவு காணப்படவில்லை. வெவ்வேறு காலநீளமுள்ள இரண்டு ஊசல்களை அருகருகே ஆடவிடுங்கள். அவ்வப்போது சேர்ந்து ஆடும், பிறகு விலகும். சேர்ந்த வேளையில் மட்டும் பார்த்தவருக்கு ஒன்றை ஒன்று ஈர்ப்பதாகத் தோன்றும்.

கடைசியாக, ‘என்றும் ஒரே நிலையில்’ இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆண் சுண்டெலியைப் பற்றியும் கேளுங்கள். இணைசேராத ஆண், குட்டிகளைக் கண்டால் பெரும்பாலும் கொன்றுவிடும். இணைசேர்ந்த ஏறக்குறைய மூன்று வாரங்களில், அதாவது தன் குட்டிகள் பிறக்கக்கூடிய நாளில், அதன் போக்கு மாறுகிறது; குட்டிகளை நக்கிக் கூட்டில் சேர்க்கிறது. குட்டிகள் பால்குடி மறந்து போகும் காலத்துக்குப் பின் பழைய குணம் திரும்புகிறது. இந்தக் காலத்தை அது எப்படி அறிகிறது? 1990இல் அமெரிக்காவில் பெரிகோவும் வோம் சாலும் அவர்களது துணைவரும் செயற்கை விளக்கொளியில் சில ஆண்களுக்கு 22 மணி நேரத்து நாளும், சிலவற்றுக்கு 27 மணி நேரத்து நாளும் அமைத்துக் கொடுத்தார்கள். இரு பிரிவுகளும் மணிக்கணக்கைப் பின்பற்றவில்லை. விடியல்களை எண்ணின, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் மாறின. குறுகிய நாளில் வாழ்ந்த ஆண்கள் கடிகாரப்படி முந்திக்கொண்டன, நீண்ட நாளில் வாழ்ந்தவை பிந்தின. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த மாற்றத்தின் போது எந்த உறுப்பின் பதில் அடங்குகிறது என்று தேடினார்கள். குட்டிகளின் மணத்துக்கு ஜேக்கப்சன் உறுப்பு தரும் பதில், தந்தையான ஆணிடம் குறைந்துபோயிருந்தது.